வளைவுக்கு அந்தப் பக்கம்

"என்ரை மனுசி இந்த ஊரிலை ஏழு மாசம் இருந்தவ. அவவுக்கு எல்லா இடமும் தெரியும்."

இதை அருளானந்தன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வழிகாட்டியிடம் சொன்னபோது காலை எட்டரை மணி. அந்த நிமிடத்திலிருந்து சிறிதேவி வாய் திறக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுலா வானின் யன்னலோரம் இருந்தாள். அவள் சத்தம் போட்டால் வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும்.

வழிகாட்டியின் பெயர் கமாவ். ஐம்பது வயது, கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து. அவர் முன்னாசனத்திலிருந்து முழுவதுமாகத் திரும்பிவிட்டார். "அப்படியா அம்மா? அப்படியென்றால் நைரோபி உங்கள் வீடு! வீட்டுக்கு வந்தவருக்கு நான் என்ன காட்டப் போகிறேன்?" நோர்வேயின் ஸ்தவாங்கரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி பின்னாசனத்திலிருந்து கை தட்டினார்கள். மகள் யதுர்ஷா தாயைப் பார்த்துச் சிரித்தாள். இந்த அரைநாள் சுற்றுலாவைப் பதிவு செய்தவளே அவள்தான். தாதிப் படிப்பின் கடைசி ஆண்டுப் பயிற்சிக்காக மூன்று மாதம் இங்கே ஒரு மருத்துவமனையில் இருந்தாள். ஒஸ்லோவில் இலையுதிர்கால விடுமுறை வந்ததும் தாயையும் தகப்பனையும் வரவழைத்தாள். அம்மா இளமையில் சுற்றிப் பார்த்த ஊரைத் திரும்பவும் அம்மாவுக்குக் காட்டுவது அவளுடைய பரிசு.

அம்மா சுற்றிப் பார்த்தாள் என்பது அப்பா சொன்ன கதை. அப்பாவுக்கு அதைச் சொன்னவன், அம்மாவை நைரோபி வழியாக நோர்வேக்கு அனுப்பிய ஏஜென்சிக்கார ஜெயரத்தினம். சிறிதேவியிடம் யாரும் கேட்கவில்லை.

அவள் சுற்றிப் பார்த்தது ஓர் அறை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு மார்கழி தொடங்கி அடுத்த ஆடி வரை. கீழே இரும்புச் சாமான் கடை, மேலே இரண்டு அறை. ஒன்றில் மூன்று பெண்கள், மற்றதில் நான்கு ஆண்கள். கதவுக்கு வெளியே பூட்டு. கடவுச்சீட்டுகளை ஜெயரத்தினம் முதல் நாளே வாங்கிக்கொண்டு போய்விட்டான். கம்பி போட்ட யன்னலால் பார்த்தால் ஒரு தெரு தெரியும், தெரு வளைகிற இடத்தில் ஒரு முடிவெட்டும் கடை தெரியும். ஆட்கள் வளைவுக்குள் போவார்கள், ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பி வருவார்கள். அங்கே என்ன இருக்கிறதென்று அறையில் இருந்த மரியகொறற்றியும் அவளும் பந்தயம் பிடிப்பார்கள். பேக்கரி என்பாள் மரியகொறற்றி. பேக்கரி என்றால் ஏன் வெறுங்கையோடு வருகிறார்கள் என்பாள் இவள். ஏழு மாதமும் அது தீரவில்லை.

அந்த ஏழு மாதமும் அருளானந்தன் நோர்வேயின் வடக்குக் கரையில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டிக்கொண்டிருந்தான். ஊரில் கலியாண எழுத்து முடிந்து மூன்றாம் மாதம் கொழும்பில் பிளேன் ஏறியவன். வேலை முடிந்ததும் மீன் மணத்தோடு தபாற்கந்தோருக்குப் போவான். சில கிழமையில் அங்கிருந்த நோர்வேக்காரி அவன் கதவைத் திறக்கும்போதே இல்லையென்று தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள். ஜெயரத்தினத்துக்குப் போன் எடுத்துக் கேட்டால், "உம்மடை மனுசி ஊர் சுத்திப் பாக்கிறா ஐசே, கடிதம் எழுத எங்கை நேரம்?" என்று சிரிப்பான்.

சிறிதேவி பதினொரு கடிதம் எழுதியிருந்தாள். பதினொன்றையும் ஜெயரத்தினத்தின் கையில்தான் கொடுத்தாள். "தபாற்கந்தோர் ரவுணுக்கு அங்காலை தங்கச்சி. வழியெல்லாம் பொலிஸ். நான் போடுறன்" என்று அவன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான்.

நோர்வேக்கு வந்து சேர்ந்த முதல் கிழமையே அவள் இதைப் புருசனிடம் சொன்னாள். நம்புகிறேன் என்றான். ஆனால் அந்த நம்பிக்கை சண்டை இல்லாத நாட்களுக்கு மட்டும். சண்டை வந்தால், அது உப்புக் கூடியதற்காக இருந்தாலும் சரி, கார் கண்ணாடியில் உறைபனி சுரண்டாததற்காக இருந்தாலும் சரி, எங்கெங்கோ சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். "ஏழு மாசம். ஒரு கடிதம் போட உமக்கு மனம் வரேல்லை." இருபத்திரண்டு வருடம்.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவளை ஒரு கோபக்காரியாகத்தான் ஒஸ்லோவில் ஆட்களுக்குத் தெரியும். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினாறு வருடமாக வேலை. புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் களஞ்சிய அறைக் கதவைச் சாத்தித் தெரியாமல் பூட்டிவிட்டார். உள்ளே உருளைக்கிழங்குப் பெட்டி எடுத்துக்கொண்டு நின்றவள் இரண்டு நிமிடத்தில் கதவு திறந்ததும் வெளியே வந்து அவரைப் பிடித்த பிடி, மூன்றாம் மாடியில் படுத்திருந்த கிழவிகளுக்கும் கேட்டது. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் வீடு வாங்கிய அன்று அறைக் கதவுகளின் பூட்டுத் திறப்பையெல்லாம் கழற்றி ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடினாள். குளியலறைக்கும் பூட்டில்லை, வந்த விருந்தாளிகள் உள்ளேயிருந்து பாட்டுப் பாடவேண்டும். பயணம் போனால் குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் அருளானந்தனின் கழுத்துப் பைக்குள் இருக்கும். அவளுடையது மட்டும் அவளுடைய கைப்பைக்குள்.

இப்போதும் மடியிலிருந்த பைக்குள் அதுதான் இருந்தது.

வான் பாராளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியது. கமாவ் வருடங்களைச் சொன்னார். ஒரு பூங்காவில் நிறுத்தினார். தெருவெல்லாம் ஊதா நிறத்தில் ஜக்கரண்டாப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. ஸ்தவாங்கர் மனுசி அவற்றைப் பொறுக்கினாள்.

"சிறி, இஞ்சை வந்து நில்லும், ஒரு படம் எடுப்பம். உமக்குத் தெரிஞ்ச இடந்தானே" என்றான் அருளானந்தன்.

அவள் நின்றாள். படத்தில் அவளுடைய முகத்தைப் பிறகு பார்த்தவர்கள் பல்லுக்கொதி என்று நினைத்தார்கள்.

உயரமான மாநாட்டுக் கட்டடமொன்றின் மொட்டைமாடியில் ஏறியபோது ஊர் முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. யதுர்ஷா அங்கே ஒட்டகச்சிவிங்கி போட்ட தபாலட்டைகள் வாங்கினாள். கமாவ் சிரித்தபடி கேட்டார்: "அம்மா, இப்போது நீங்கள் எங்களுக்குக் காட்டுங்கள். உங்கள் வீடு எந்தப் பக்கம்?"

சிறிதேவி அன்று முதல்தடவையாக வாய் திறந்தாள். "ங்காரா எங்கே இருக்கிறது?"

அந்த ஏழு மாத அறைச் சுவரில் இரும்புக் கடையின் நாட்காட்டி ஒன்று தொங்கியது. கடையின் பெயரும் தெருவின் பெயரும் ங்காரா என்ற பகுதியின் பெயரும் அதில் அச்சடித்திருந்தன. ஏழு மாதம் பார்த்ததை அவள் அப்படியே ஒப்புவித்தாள். கமாவ் வடக்கே கையைக் காட்டினார். "இதோ, பக்கம்தான். வானில் பத்து நிமிடம். ஆனால் நமது நிகழ்ச்சி நிரலில் இல்லை. இனிச் சந்தைக்குப் போக வேண்டும்."

"எனக்குச் சந்தை வேண்டாம். அங்கே போக வேண்டும்."

"உதென்னத்துக்கு இப்ப?" என்றான் அருளானந்தன் தமிழில். "மற்றாக்களும் வந்திருக்கினம் எல்லே. பழசைக் கிண்டாதையும்."

"பழசை நான் கிண்டேல்லை. காலமை எட்டரைக்கு நீங்கள் கிண்டினீங்கள்."

"அம்மா, ஸ்லாப் ஆவ்," என்றாள் யதுர்ஷா. ஆறுதலாக இரு என்று அவள் தாய்க்கு எப்போதும் நோர்வீஜியனில்தான் சொல்வாள். "பின்னேரம் டாக்ஸியிலை போவம்."

"பின்னேரம் கொப்பருக்குத் தலையிடி வரும். எனக்குத் தெரியும்."

வழி கண்டுபிடித்தவள் ஸ்தவாங்கர் மனுசி. தங்களுக்குச் சந்தையில் ஒரு மணித்தியாலம் போதாது, தங்களை அங்கே இறக்கிவிட்டு நீங்கள் போய் வாருங்கள் என்றாள். கமாவ் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அருளானந்தன் வானின் பின்னாசனத்தில் போய் இருந்துகொண்டான்.

கட்டடம் அப்படியே நின்றது. கீழே இரும்புக் கடை இல்லை. கைத்தொலைபேசி விற்கும் கடை, பச்சை நிறப் பலகை. மேலே அதே கம்பி. உள்ளே யாருடையதோ குழந்தைச் சட்டைகள் காய்ந்தன. சிறிதேவி அண்ணாந்து ஒருதரம் பார்த்தாள். பிறகு கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளைவைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அவளுக்கு வேண்டியது அறை இல்லை.

கெதியாக நடந்தாள். உதடு அசைந்தது. முடிவெட்டும் கடை இப்போதும் இருந்தது. யதுர்ஷா ஓடி வந்து கையைப் பிடித்தாள். பிடிக்க விட்டாள், நிற்கவில்லை. வளைவு திரும்பியதும் நின்றாள்.

ஒரு சின்னக் கட்டடம். வாசலில் சிவப்புத் தபாற்பெட்டி. உள்ளே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். கடிதம் போட்டுவிட்டு ஒரு மனுசன் வெறுங்கையோடு வெளியே வந்தான்.

கமாவ் சந்தோசமாக விளக்கினார். "இது பழைய தபாற்கந்தோர். நான் பொடியனாக இருந்த காலத்திலும் இங்கேதான் இருந்தது."

அருளானந்தன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். தபாற்பெட்டியைப் பார்த்தான். திரும்பி வளைவைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இவ்வளவு கிட்டத்திலையோ இருந்திருக்கு?"

அவன் என்ன நினைத்துச் சொன்னானோ. அவள் காதில் அது பழைய கேள்வியாகவே விழுந்தது.

"ஓம். கிட்டத்திலைதான். நாற்பத்து மூண்டு எட்டு. இப்ப நடந்து வரேக்கை எண்ணினனான். கதவுக்கு வெளியிலை ஆமைப்பூட்டு. கம்பிக்குள்ளாலை கை முழங்கை மட்டும்தான் போகும். சொல்லுங்கோ, நாற்பத்து மூண்டு எட்டுக்குக் கையை நீட்டியிருக்கலாமோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை…"

"இருபத்திரண்டு வருசமாய் வேறை என்னத்தைச் சொன்னனீங்கள்? நான் பதினொண்டு எழுதினனான் எண்டு சொன்னன். அவன் சிரிச்சுக்கொண்டு ஊர் சுத்துறா எண்டு சொன்னான். நீங்கள் ஆரை நம்பினனீங்கள்? என்னைக் கட்டினனீங்களோ, ஜெயரத்தினத்தைக் கட்டினனீங்களோ? வருசாவருசம் பொங்கலுக்கு, இப்ப பாரிசிலை இருக்கிற அவனுக்குப் போன் எடுத்து, 'அண்ணை, உங்களாலைதான் இவ வந்து சேந்தவ' எண்டு நன்றி வேறை. நான் பக்கத்திலை நிண்டு பொங்கலுக்குச் சர்க்கரை போடுறன்! காலமை அந்த மனுசனுக்கும் அதையே சொல்லுறீங்கள். எல்லா இடமும் தெரியுமாம்! எனக்கு இந்த ஊரிலை தெரிஞ்ச ஒரே இடம் அந்தக் கம்பி!"

முடிவெட்டும் கடைக்காரன் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்துவிட்டான். வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கமாவுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் கழுத்துப்பட்டியைச் சரி செய்தபடி இரண்டடி பின்னால் போனார்.

"அப்பா," என்றாள் யதுர்ஷா. அவளுடைய முகம் வெளிறிப் போயிருந்தது. "பூட்டி வைச்சிருந்தவங்களோ? எனக்கு நீங்கள் அம்மா சுத்திப் பாத்தவ எண்டெல்லே சொன்னனீங்கள். நான் இதைப் பரிசெண்டு நினைச்சு…"

அருளானந்தன் கையை விரித்தான். "நான் ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்தனான் பிள்ளை. அந்த நோர்வேக்காரி தலையை ஆட்டுவாள். நான் என்னத்தை நினைக்கிறது?"

"என்னைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள் எண்டு நினைக்கிறது" என்றாள் சிறிதேவி. இப்போது குரல் இறங்கியிருந்தது. அதனால் இன்னும் சூடாக இருந்தது. "ஒருக்கால் எண்டாலும் அப்பிடி நினைச்சிருக்கலாம்."

கமாவ் மெதுவாக மணிக்கூட்டைக் காட்டினார். இருபது நிமிடத்தில் சந்தைக்குத் திரும்ப வேண்டும்.

சிறிதேவி மகளிடம் கை நீட்டினாள். "உந்தத் தபாலட்டையிலை ஒண்டு தா. பேனையும் தா."

தபாற்கந்தோர் மேசையில் குனிந்து நின்று எழுதினாள். அருளானந்தன் எட்டிப் பார்க்க வந்தபோது முழங்கையால் மறைத்தாள். வரிசையில் நின்று முத்திரை வாங்கி ஒட்டினாள். வெளியே வந்து சிவப்புப் பெட்டிக்குள் தன் கையாலேயே போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு, "வாங்கோ, அந்த மனுசி சந்தையிலை பாத்துக்கொண்டு நிப்பா" என்று முன்னால் நடந்தாள்.

திரும்பி வந்த பிறகும் அவளுடைய கோபம் ஆறவில்லை. பிளேனிலும் கதைக்கவில்லை, ஹவுகெட்டோ வீட்டிலும் சோறு, கறி, சலவை தவிர வேறு கதை இல்லை. அருளானந்தன் இரண்டு தரம் தொடங்கினான். முதல்தரம் "காலம் அப்பிடி" என்று தொடங்கினான். அவள் தூசி உறிஞ்சியை முடுக்கினாள். இரண்டாம்தரம் ஜெயரத்தினத்தின் இலக்கத்தைத் தன் கைத்தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டு அதைக் காட்டினான். "உதை என்னட்டை ஏன் காட்டுறீங்கள்? பொங்கல் வரட்டும், பாப்பம்" என்றாள்.

நான்காம் கிழமை, கார்த்திகை மாதம், வெளியே பனியும் மழையும் சேர்ந்து கொட்டிய ஒரு பின்னேரம், அவன் கீழ்மாடித் தபாற்பெட்டியைத் திறந்தான். மின்சாரக் கட்டணம், கடை விளம்பரம், நடுவில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. மாடிப்படியில் நின்றபடியே படித்தான்.

"அருளானந்தனுக்கு, நான் பதினொரு கடிதம் எழுதினேன். இது பன்னிரண்டாவது. நானே போட்டதால் இது வந்து சேரும். சிறிதேவி."

மாடிப்படி விளக்கு நேரம் முடிந்து தானாக அணைந்தது. கையால் சுவரைத் தடவி மறுபடி போட்டான். இன்னொரு தரம் படித்தான். விளக்கு பிறகும் ஒரு தரம் அணைந்தது.

மேலே வந்தபோது அவள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஈரச் சப்பாத்தோடு கதவடியில் நின்றான். வேறு நாளாக இருந்தால் அந்தச் சப்பாத்துக்கே ஒரு சண்டை நடந்திருக்கும்.

"கடிதம் வந்திருக்கு" என்றான்.

"ஆரிட்டை இருந்து?"

"உம்மட்டை இருந்து."

கத்தி நிற்கவில்லை. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்ப பதில் போடுங்கோ. மேசை லாச்சிக்குள்ளை பேனை கிடக்கு."

அவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து லாச்சியை இழுத்தான்.