நேற்று நடந்ததைச் சொல்லும் பாடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்க எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. இலக்கணம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அதுவரை யாருடனும் ஆங்கிலத்தில் கதைத்தது கிடையாது. பிள்ளைகளும் அப்படித்தான். எழுதச் சொன்னால் எழுதுவார்கள். எழும்பிக் கதைக்கச் சொன்னால் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

"வெக்கமா இரிக்கி டீச்சர். பிழவிட்டா சிரிப்பாளுகள்" என்பார்கள்.

இன்னொரு ஆங்கில ஆசிரியையும் அங்கே இருந்தார். பெரியநீலாவணையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தமிழ்ப் பெண். பெரிய வட்டமாகக் குங்குமப் பொட்டு வைத்திருப்பார். என் வகுப்பும் அவர் வகுப்பும் ஒரே மண்டபத்தில், நடுவில் ஒரு தட்டி மட்டும். என் பக்கம் எந்நேரமும் அமைதியாகக் கிடப்பதைக் கவனித்திருக்கிறார்.

ஒருநாள் இடைவேளையில் சொன்னார்: "பிள்ளைகளக் கதை கதை எண்டா எப்பிடிக் கதைக்கும்? முதல்ல நாம ரெண்டு பேரும் அதுகளுக்கு முன்னால கதைப்பம். பிழவிட்டே கதைப்பம்."

தட்டியை நகர்த்தி இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கினோம். நேற்று என்ன கறி என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ்டடே ஐ பை கீரி மீன்" என்றேன். வேண்டுமென்று விட்ட பிழை அல்ல, பயத்தில் வந்தது.

கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "பை இல்ல டீச்சர், போட்."

அந்தப் பிள்ளை அதுவரை வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. மற்ற ஆசிரியை போய் அவள் தோளில் கைவைத்து, "பாருங்க, டீச்சரே பிழவிடுறா, நீங்க திருத்துறீங்க. இனி என்ன வெக்கம்?" என்றார்.

அதன்பிறகு கிழமைக்கு ஒருநாள் ஒரு பாடவேளை அதற்கென்றே போனது. நேற்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் திருத்தக்கூடாது. தன் முக்காட்டை ஆடு தின்ற கதையைக் கடைசி வாங்குப் பிள்ளை சொன்னபோது, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதிபர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் கலவரம் வந்தது. பாடசாலையைப் பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோது அவர் வரவில்லை. தன் ஊர்ப் பக்கமே இடமாற்றம் எடுத்துக்கொண்டார் என்று அதிபர் சொன்னார். போய்ப் பார்க்க நினைத்தேன்.

"இப்ப அங்கால போக ஏலா. போனா ஆருக்கும் நல்லமில்ல" என்று காக்கா, என் மூத்த சகோதரர், தடுத்துவிட்டார்.

"அந்த டீச்சர் எப்ப வாற?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு தவணை முடிய, கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் மட்டக்களப்பில் ஆசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்கில் அவரைக் கண்டேன். தாழ்வாரத்தின் மூலையில் தனியாக நின்றார். ஓடிப்போனேன். கிட்டப் போன பிறகுதான் நெற்றி வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன்.

"என்ன டீச்சர் இது?"

அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "தே டுக் ஹிம். ஹி டிட் நொட் கம் பேக்."

கணவரை யார் கொண்டுபோனது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு தமிழுக்கு வந்தார். "தமிழில சொன்னா அழுதிருவன் புள்ள. இங்கிலீசில சொன்னா வேற ஆருக்கோ நடந்த மாதிரி இருக்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்திருந்தது.

எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கடைசி வாங்குப் பிள்ளையைப் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"அங்கயும் பிள்ளைகளக் கதைக்க வைக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"போன உடன வைச்சன்" என்றார். "நேத்து வீட்ட என்ன நடந்த எண்டு கேட்டன். ஒரு சின்னப் பிள்ள எழும்பி, அப்பாவ வீட்ட வந்து கொண்டுபோனதச் சொல்லிச்சு. பிழையே இல்லாம, முழுசாச் சொல்லிச்சு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இப்ப கரும்பலகையில எழுதுறன். அதுகள் பாத்து எழுதுதுகள். அவ்வளவுதான்" என்றார்.

மணியடித்தது. வேறு வேறு அறைகளில் எங்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். பின்னேரம் வெளியே வந்து தேடினேன். அவருடைய பஸ் முன்னமே போய்விட்டது என்றார்கள்.