ஜன்னல் சீட்டில் செல்வி

போன ஞாயிற்றுக்கிழமை சிவகாசி பஸ் ஸ்டாண்டில் விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

எனக்கு உள்ளூரக் குஷி. வாசகி! இந்தப் பத்தியில் என் போட்டோ வருவதில்லை. இருந்தும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாரே... காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் நேராகக் கேட்டார்.

"நீங்கதான சார், செல்வியக் கொல்லச் சொன்னது?"

சுற்றி நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் யாரையும் கொல்லச் சொல்லவில்லை என்று வாயைத் திறப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. சொல்லியிருக்கிறேன். இன்டர்நெட்டில். எழுத்து மூலமாக. அதுவும் போட்டோவோடு!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் முன்பு எனக்கு ஒரு மெயில் வந்தது. 'எட்டே வாரத்தில் எழுத்தாளர் ஆகலாம். வீட்டிலிருந்தபடியே! ஆன்லைன் படைப்பெழுத்துப் பயிற்சி.' நானும் பல வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன், எழுத்தாளர் ஆகிவிட்டேனா என்று இன்னும் தெரியவில்லை. எட்டு வாரத்தில் ஆகிவிடலாம் என்றால் விடுவேனா? நீங்கள் அறிந்த புனைபெயரை மறைத்துவிட்டு, ரேஷன் கார்டில் இருக்கிற பெயரில், போட்டோவும் போட்டுச் சேர்ந்துவிட்டேன்.

மொத்தம் பன்னிரண்டு பேர். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு சாட் ரூமில் வகுப்பு. நடத்துபவர் சென்னைக்காரர். அவரை 'சார்' என்று கூப்பிடக் கூடாதாம், 'ஆசிரியர்' என்றும் கூடாதாம். 'மென்டார்' என்றுதான் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை போட்டோவில் கன்னத்தில் கை வைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்பிலும் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது.

முதல் வாரம் நம் பாணியில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். 'உங்களுக்கு நகைச்சுவை வராது. அந்தப் பக்கம் போக வேண்டாம்' என்று பதில் வந்தது. நீங்களாவது இதை முன்பே எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?

மென்டாரிடம் இருந்தது ஒரே மருந்து. வலி. யார் எதை எழுதினாலும் 'வலி போதவில்லை' என்பார். பெங்களூர் பேங்க் ஆபீசர் தன் பையனின் முதல் சைக்கிளைப் பற்றி எழுதினார். வலி போதவில்லை என்று பதில் வந்தது. அடுத்த வாரம் அந்தப் பையன் லாரியில் அடிபட்டான். 'இப்போது கதை மூச்சுவிடுகிறது' என்றார் மென்டார். பையன் விடவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் மட்டும் யோக்கியமா? விருதுநகர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை முதலாளி ஒருவரைப் பற்றிக் கதை எழுதினேன். மனுஷன் நாள் பூராவும் தும்மிக்கொண்டே யாவாரம் பார்ப்பார், அவ்வளவுதான் கதை. வலி போதவில்லை என்றதும் அவரைக் கிணற்றில் தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்றதும் அவர் மனைவியையும் தள்ளினேன். பத்துக்கு எட்டரை மார்க்!

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்த முத்துலட்சுமி. பட்டாசு ஆலையில் வேலை. நோட்டில் கையால் எழுதுவார், அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டராக இருக்கும் கணவர் டைப் செய்து தருவார். ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி ப்ரௌசிங் சென்டருக்கு வந்து வகுப்பில் உட்காருவார். அங்கே அவர் டைப் செய்த வார்த்தைகள் குறைவு. 'வணக்கம்', 'சரிங்க சார்', 'கரண்ட் போகப்போகுது.'

அவர் எழுதிய கதையின் பெயர் 'ஜன்னல் சீட்.' ஆலை வேனில் எட்டு வருஷமாக அவருக்கு ஒரு ஜன்னல் சீட். ஆனைக்குட்டத்தில் புதிதாக ஏறுகிற செல்வி என்ற பெண்ணுக்கு வேன் ஆடினால் வாந்தி. பாவம் என்று சீட்டை விட்டுக்கொடுக்கிறார். ஒரு மாதத்தில் வாந்தி நின்றுவிடுகிறது. சீட் திரும்பி வரவில்லை! இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சத்தமில்லாத சண்டை. கடைசியில் நல்ல மழை. ஜன்னல் கண்ணாடி மூடாமல் மாட்டிக்கொள்கிறது. தொப்பலாக நனைந்த செல்வி பெரிய மனசோடு எழுந்து, "அக்கா, உங்க சீட்டு அக்கா, வாங்க" என்கிறாள். வேனே சிரிக்கிறது.

படித்துவிட்டு நானும் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

மென்டார் சிரிக்கவில்லை. இப்படி எழுதினார்: 'வேன் போகிறது, வருகிறது. இதில் சிவகாசி எங்கே? ஒரு நாள் அந்த ஜன்னல் சீட் காலியாகத் திரும்ப வேண்டும். செல்வி திரும்பக் கூடாது. அப்படி மாற்றினால் நம் தொகுப்பில் சேர்க்கலாம்.'

தொகுப்பு என்பது பயிற்சி முடிவில் வரப்போகிற புத்தகம். அதற்காகத்தான் பாதிப் பேர் சேர்ந்தோம்.

ஒருவர் கதைக்கு மற்ற பதினோரு பேரும் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. பத்துப் பேர் 'காலி சீட், சூப்பர்!' என்று எழுதினார்கள். பதினோராவது ஆள் நான். என்ன எழுதினேன் தெரியுமா? 'அபாரமான படிமம். முத்துலட்சுமி துணிச்சலோடு இந்த முடிவை எடுக்க வேண்டும்.' ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பட்டாசு ஆலைக்குத் தினமும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நான் துணிச்சல் சொல்லிக்கொடுக்கிறேன்! அமெரிக்காவிலிருந்து ஒருவர் எழுதினால் போகட்டும் என்று விடலாம். விருதுநகரில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சிவகாசி. எனக்கு எங்கே போயிற்று புத்தி?

பஸ் ஸ்டாண்டில் முத்துலட்சுமி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"செல்வி நெசமான ஆளு சார். கற்பனை இல்ல. நான் எழுதுறதையெல்லாம் திங்கக்கெழம வேன்லதான் படிப்பேன். எல்லாரும் கேப்பாக. எம் பேரு புஸ்தகத்துல வருமா, எம் பேரு வருமான்னு ஒரே ரவுசு. வரும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"மென்டார் சொன்னதையும் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிப் படிக்க? அவ அந்த சீட்லதான் உக்காந்திருக்கா. 'ஏக்கா, சென்னை சார் என்ன சொன்னாரு, படிங்க'ங்கா. வேலைக்குப் போற நேரத்துல அந்த மாதிரிப் பேச்சையே நாங்க எடுக்க மாட்டோம் சார். வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டோம். நான் அவ மூஞ்சியப் பாத்து நீ செத்துட்டேன்னு எப்படிப் படிக்க? நெட் கெடைக்கலன்னு சொல்லிட்டேன்."

நான் கையிலிருந்த ப்ரூஃபைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"வேன்ல எல்லாரும் திரும்பி வந்தா கதை இல்லங்காரு. நாங்க எல்லாரும் திரும்பி வாரதுக்குத்தான சார் அம்புட்டுப் பாடுபடுதோம்? ஆலைக்குள்ள செருப்பு ஆகாது, இரும்பு ஆகாது, செல்லு ஆகாதுன்னு ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துப் பண்ணுதோம். அது அவருக்குக் கதையாத் தெரியலையே!"

எட்டு வார வகுப்பில் யாரும் இப்படி ஒரு பாடம் நடத்தவில்லை.

"இப்ப என்ன செய்யப்போறீங்க? தொகுப்பு..."

"முடிவ மாத்தித்தான் அனுப்பியிருக்கேன். வீட்டுக்குப் போயிப் படிச்சுப் பாருங்க. நீங்களும் வாரீக அதுல." சிரித்தார். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஜன்னல் சீட். விருதுநகர் வரைக்கும் அது என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்குப் போனால் கரண்ட் இல்லை. இரண்டு மணி நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் கதையைப் படித்தேன். அடுத்த நாள் மென்டாரின் தீர்ப்பும் வந்துவிட்டது. 'கேலி இலக்கியமாகாது. தொகுப்புக்கு ஏற்கப்படவில்லை.' அதே மெயிலில் தேர்வான கதைகளின் பட்டியல். முதல் பெயர் என்னுடையது. கிணற்றில் கிடக்கும் வத்தல் முதலாளி தம்பதி அச்சில் ஏறப்போகிறார்கள். ஊரில் அப்படி யாரும் கிணற்றில் விழவே இல்லை என்பது வேறு விஷயம்.

என் கதையை எடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். 'எழுத்தாளனுக்கு ஈகோ ஆகாது' என்று அறிவுரை வந்தது. ஈகோவாம்! கன்னத்திலிருந்து ஒரு நிமிஷம் கையை எடுக்காத மனுஷன் சொல்கிறார்.

பிறகு முத்துலட்சுமிக்குப் போன் செய்து, அந்த முடிவை மட்டும் என் பத்தியில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போடுங்க. செல்வி பேர மட்டும் விட்டுராதீக" என்றார்.

இனி அவர் எழுதியது.

சிவகாசியைப் பற்றி எழுத இரண்டு சார்கள் வருகிறார்கள். ஒருவர் சென்னை, மடியில் லேப்டாப். இன்னொருவர் விருதுநகர், கண்ணாடி போட்டவர். சென்னைக்காரர் எது சொன்னாலும் தலையாட்டுவதுதான் இவர் வேலை. இரண்டு பேரும் காலையிலேயே வேனில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஜன்னல் சீட்டையே பார்க்கிறார்கள். செல்வி உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வேன் திரும்புகிறது. மறுபடி பார்க்கிறார்கள். செல்வி உட்கார்ந்திருக்கிறாள். சென்னைக்காரர் வாட்ச்சைப் பார்க்கிறார். கண்ணாடிக்காரரும் பார்க்கிறார்.

ஆனைக்குட்டம் வருகிறது. செல்வி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கடைசி சீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"இந்தா சார், காலியாயிருச்சு. காலையில இருந்து எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கீக... எழுதிக்கிடுங்க. நான் போயி ஒல வைக்கணும்."

எழுதிக்கொண்டேன், செல்வி.