வண்டி பின்னால் இழுக்கிறது

அஷ்பாக் பாய் என் அடுத்த வீட்டுக்காரர். கடலூர் முதுநகரில் ரயில்வே ஜங்ஷனுக்குப் போகிற வழியில் குழாய், வாஷ்பேசின் விற்கும் கடை வைத்திருக்கிறார். சவூதியில் தமாம் என்ற ஊரில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, தொப்பையும் சர்க்கரையுமாக ஊர் திரும்பியவர். டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் போய் சைக்கிள் வாங்கினார். அதோடு எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று.

சைக்கிள் என்றால் மீன் மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இவர்கள் ரகமே வேறு. கைப்பிடி கிடா கொம்பு மாதிரி வளைந்திருக்கும். ஸ்டாண்டு கிடையாது, பெல் கிடையாது, கேரியர் கிடையாது. கேட்டால் எடையாம். இவர்கள் கூட்டத்தில் அன்பரசு என்று குறிஞ்சிப்பாடிப் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். எடையைக் குறைக்க வண்டியின் போல்ட்டுகளையெல்லாம் டைட்டானியத்துக்கு மாற்றிவிட்டு, டீக்கடையில் நின்று மெதுவடையாக உள்ளே தள்ளுவார்.

கடலூர்க்காரர்கள் குடிகாடு தாண்டித் தெற்கே வருவார்கள். சிதம்பரத்துக்காரர்கள் வடக்கே வருவார்கள். இரண்டு கூட்டமும் புதுச்சத்திரம் டீக்கடையில் சந்திக்கும். வண்டிகளைச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். உன் செயின் எவ்வளவு ஓடியது, டயரில் எவ்வளவு காற்று, சீட்டு எவ்வளவு உயரம் என்று இதே பேச்சுதான். ஒருவராவது மற்றவரைப் பார்த்து நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான் அங்கே குசலம்.

அந்தக் கூட்டத்தில் பாய்க்கு உயிர் சிநேகிதன் மணிவண்ணன். சிதம்பரத்தில் மின்வாரிய இன்ஜினியர். இருவரும் ஒருவரை ஒருவர் 'மாமா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மணிவண்ணனுடையது கறுப்பு நிற கார்பன் வண்டி. பாய் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். "கண்ணு வைக்காத மாமா, என் பொண்டாட்டிய பாக்குற மாதிரி பாக்குற" என்று மணிவண்ணன் கத்துவார். அந்த வண்டியின் பின் சக்கரம் மிதிக்காமல் உருளும்போது சில்வண்டு மாதிரி கறகறவென்று சத்தம் போடும். டீ குடித்துவிட்டுச் சேர்ந்து ஓட்டும்போது எப்போதும் மணிவண்ணன் முன்னால், பாய் பின்னால். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் போன தூரமே தெரியாது என்பார் பாய்.

போன வருடம் மாசி மாதம், ஒரு விடியற்காலையில் மணிவண்ணன் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி தனம் பாயைக் கூப்பிட்டு, "கூடத்துல அது நிக்கிறத என்னால பாக்க முடியலண்ணே. நீங்க எடுத்துட்டுப் போயி ஓட்டுங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டார்.

பாய் அதை அழுதுகொண்டே வேனில் ஏற்றி வந்தார். நான்தான் இறக்கப் பிடித்தேன். ஒரு கையால் தூக்கிவிடலாம்போல இருந்தது. முன்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். வேகம், தூரம் எல்லாம் அதில் ஓடும். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டையிலிருந்து இதயத் துடிப்பைக்கூட அது எடுத்துக்கொள்ளுமாம். பாய் தன்னுடைய பட்டையை அதில் இணைத்தார். வீட்டு வைஃபையையும் கொடுத்தார். உள்ளே இருந்த மணிவண்ணன் கணக்கை அழிக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், தன் சவாரிதான் தன் போனில் தனியாக ஏறுகிறதே என்று விட்டுவிட்டார்.

கொஞ்ச மாதம் நன்றாக ஓடியது. மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பித்தது தொல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டி பின்னால் இழுக்கிறது என்றார். சமதளம்தான், எதிர்க்காற்றும் இல்லை, ஆனால் யாரோ சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருகிற மாதிரி இருக்கிறதாம். மிதிப்பதை நிறுத்தினால் அந்தக் கறகற சத்தம். மணிவண்ணன் பக்கத்தில் வருகிறான் என்று சட்டென்று திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். சத்தம் தன் காலுக்குக் கீழிருந்துதான் வருகிறது என்று புரிய ஒரு நிமிடம் ஆகுமாம். இதை என்னிடம் சொன்னபோது அவர் கை மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்தேன்.

டீக்கடையில் சபை கூடியது. அன்பரசு பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் உரசுகிறது என்றார். சரி செய்தார்கள். சிதம்பரத்தில் கல்லூரி வாத்தியார் செந்தமிழ்செல்வன், டயர் அகலம் போதாது என்றார். மாற்றினார்கள். பிறகு பெடல் நடுவில் இருக்கும் பேரிங். பிறகு செயினுக்கு மெழுகு. பிறகு சீட்டை இறக்கினார்கள். அன்பரசு அதே வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாய், இது அம்பு மாதிரி போவுது, ஒங்களுக்கு என்னா கொறச்சல்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரம் மூச்சு வாங்கினார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வண்டியில்தான் எல்லார் கண்ணும்.

வீட்டில் பாயின் மனைவி ரசியா மட்டும் விடவில்லை. "அந்த வண்டி வந்ததுலேருந்து ஒங்க மூஞ்சியே சரியில்ல. மவுத்தானவரு பொருளு. கொண்டு போயி குடுத்துடுங்க" என்று தினம் ஒரு பாட்டு. சுவர் வழியாக எனக்கே கேட்கும்.

இந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. கூட்டத்தில் யார் அதிகம் ஓட்டினார்கள் என்று வாராவாரம் ஒரு ஆப் பட்டியல் போடும். செந்தமிழ்செல்வன் ஒருநாள் அதைக் கடைசிவரை தள்ளிப் பார்த்திருக்கிறார். அதில் மணிவண்ணன் பெயர். போன ஞாயிறு ஓட்டிய தூரம். மனுஷன் அலறி பாய்க்குப் போன் செய்தார். பிறகு அவரே காரணத்தையும் கண்டுபிடித்தார். பாய் வீட்டுக்குள் நுழைந்ததும் மீட்டர் வைஃபையைப் பிடித்து, அன்றைய சவாரியை மணிவண்ணன் கணக்கில் ஏற்றிவிடுகிறது. இத்தனை மாதமாக அப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகும் பாய்க்குப் பயம் போகவில்லை. "நான் மிதிக்கிறேன், அவன் ஓட்டுறான்" என்றார் என்னிடம். வண்டியை விட்டுப் போக மணிவண்ணனுக்கு மனசில்லை, அதுதான் பின்னால் பிடித்து இழுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். ஐவேளை தொழுகிறவர், பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவர் அப்படிச் சொன்னது எனக்கு அவரைவிடப் பயமாக இருந்தது. தனத்திடமே வண்டியை ஒப்படைத்துவிடுவது என்று கிளம்பினார். வேனில் போங்கள் என்றேன். கடைசியாக ஒரு தடவை மிதித்தே கொண்டு போகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் இரண்டு தடவை இறங்கி நின்றாராம். சிதம்பரத்தில் தனம் கதவைத் திறந்தபோது பாய் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "தங்கச்சி, வண்டிய..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்கண்ணே. உக்காருங்க மொதல்ல" என்றார் தனம். உள்ளே போய் மணிவண்ணனின் போனை எடுத்து வந்தார். அதற்கு இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

"இத பாருங்க. இது அவரு நல்லா இருந்தப்ப. செவப்புக் கோடு நெஞ்சுத் துடிப்பு. புதுச்சத்திரத்துல டீ குடிக்க நிக்கிறீங்கல்ல, அங்க பள்ளம் மாதிரி எறங்குது. இது அவரு போறதுக்கு முந்தின மாசம். நின்னாலும் எறங்கல. மேலயே நிக்கிது." விரலால் தள்ளினார். "இது போன வாரம். இது நீங்க."

அங்கேயும் பள்ளம் இல்லை.

பாய் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஒனக்கு எல்லாம் வந்துக்கிட்டுதான் இருந்துச்சாம்மா?"

"மொத தடவ இந்தப் போனுக்குச் சேதி வந்தப்ப கை காலு ஆடிப் போச்சுண்ணே. அவரு பேரு, அவரு வண்டி, நெஞ்சு துடிக்கிது. நீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் ஞாயித்துக்கெழம ஆனா இத மடியில வச்சிக்கிட்டு உக்காந்துடுவேன். கோடு எறங்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா நீங்க மீட்டர நிறுத்திடுவீங்க. அது நின்னுடுமேன்னு... அல்ப புத்திண்ணே, ரெண்டு வாரம் சொல்லாம இருந்துட்டேன். இன்னிக்கிச் சொல்லிடணும்னு போன கையில எடுத்தேன், நீங்களே வந்து நிக்கிறீங்க." பேசிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பாயின் இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலி தெரியாமலே இப்படி வரும், இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் ரோட்டிலேயே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்த அன்பரசும் செந்தமிழ்செல்வனும் அன்று சைக்கிள் பேச்சே எடுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

நானும் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் ரசியா தனத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். "நீ மட்டும் இல்லன்னா எம்புள்ளைங்க கதி என்னா? அல்லா ஒன்ன நல்லா வைக்கணும்" என்று அழுதார். தனம் அழவில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்கக்கா. அவரும் வண்டி பின்னாடி இழுக்குதுன்னுதான் சொன்னாரு. நாலஞ்சு வாரம் சொன்னாரு. நான்தான், பாவம் ஆசப்படுறாரேன்னு, பொறந்தநாளுக்குப் புதுச் சக்கரம் வாங்கிக் குடுத்தேன். அத மாட்டிக்கிட்டு, இப்ப லேசா இருக்கு தனம்னு எங்கிட்டச் சிரிச்சிட்டுப் போனாரு."

நர்ஸ் வந்து, நோயாளி முழித்துவிட்டார், வீட்டுக்காரம்மா மட்டும் உள்ளே வாங்க என்றாள். ரசியா எழுந்து போனார். தனம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.