ஆணியில் தொங்கிய குடை

பீடி சுற்றும் கடையில் உரக்க வாசித்துப் பிழைப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: கதையில் யார் செத்தாலும் கொன்றவன் அவன்தான். என்னைப் போலக் கூட்டத்துக்கு நடுவில் தொண்டை வறளக் கதை படித்தவர்களுக்கு இது தெரியும். கம்பம் ஊரில் எங்கள் கடையில் நான் வாசிப்பேன். என் பங்கு பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றித் தந்துவிடுவார்கள். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருஷம் அது.

விட்டுப்போன குடை

அப்போது வாசித்த நாவலில் கதாநாயகியின் புருஷன் கப்பலேறிப் போகிறான். குடையை மறந்து ஆணியிலேயே விட்டுவிடுகிறான். அவள் தினமும் அதைத் தூசி தட்டி மாட்டுகிறாள். அந்த இடத்தில் முத்தையா அண்ணன் பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டார். அவர் மகன் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனவன். சண்டை வந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

அவனும் ஒரு குடையை விட்டுப் போயிருந்தான். அன்று சாயங்காலமே அதைப் பரணிலிருந்து இறக்கி ஆணியில் மாட்டினார் அண்ணன். மறுநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "குடையை விட்டுட்டுப் போனவன், எடுக்க வராம எங்கன போவான்?"

சாரல்

பாதிக் கதையில் அடைமழை. சோற்றுக்கு வழியில்லாமல் அவள் கூலி வேலைக்குப் புறப்படுகிறாள், புருஷன் குடையை விரித்துக்கொண்டு. கடையில் சண்டை வந்துவிட்டது. அவன் குடையை அவள் எப்படித் தொடலாம், அவளுக்கு மனசு விட்டுப்போச்சு என்று ஆண்கள் என் மேல் பாய்ந்தார்கள், ஏதோ நான் எடுத்துக் கொடுத்த மாதிரி.

இலை வெட்டிக்கொண்டிருந்த கருப்பாயி அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரவுக போய்ச் சேர்ந்ததும், அவுக செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் நான் வேலைக்கு வந்தேன். நனைஞ்சு செத்தாத்தான் பாசமாக்கும்?"

பாடை

மறுநாள் சாரலில் முத்தையா அண்ணன் தன் மகனுடைய குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதெல்லாம் கடைசி அத்தியாயம் வரைதான். புருஷன் இறந்த சேதி வருகிறது, உடல் வரவில்லை. எதை வைத்து எரிப்பது? குடையைப் பாடையில் கிடத்துகிறார்கள்.

அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தை மாற்றி வாசிக்கச் சொல்லிக் கருப்பாயி அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். முத்தையா அண்ணன்தான் தலை நிமிராமல் சொன்னார்: "படிப்பா. நீ நிறுத்திட்டா மட்டும் கப்பல் வந்துருமா?"

நனைந்த சட்டை

பிறகு ஒருநாள் நல்ல மழை. அண்ணன் தொப்பலாக நனைந்து வந்தார். சட்டையைப் பிழிந்து உதறிவிட்டு, இலையும் தூளும் பரப்பிய சொளகை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும்போல உட்கார்ந்தார். அவரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. "குடை எங்கண்ணே?" என்று கருப்பாயி அக்காதான் கேட்டாள்.

"ஆணியிலயேதான் தொங்குது, ஆத்தா. இனிமே அதைத் தொட்டு எடுத்தா, பயலை நானே தூக்கிப் பாடையில வச்ச மாதிரில்ல இருக்கும்?"

கதையில் அந்தக் குடைக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், எழுதினவரைக் கேளுங்கள், நான் கூலிக்கு வாசித்தவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.