ஆறு விரல் படம்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நானும் தோழி ஒருத்தியும் சிறிய தமிழ் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறோம். வெள்ளம் வடிந்த கிழமை மட்டக்குளிக்குப் போய், ஆற்றோரம் குடியிருக்கும் ஒரு அக்காவோடு கதைத்தேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, படுத்த படுக்கையாயிருந்த தாயை மேசைமேல் கிடத்தி, படகு வரும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தாய் இறந்துபோனார்.

"எழுதுங்க. ஆனா என் மூஞ்சி வேணாம்" என்றார்.

படமில்லாத கட்டுரையை யார் திறப்பார்கள் என்ற பயம் எனக்கு. செயற்கை நுண்ணறிவுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் படம் வந்துவிட்டது: இடுப்பளவு தண்ணீர், மேசையில் கிழவி, அவள் கையைப் பிடித்து அழும் பெண். பார்த்து நானே கலங்கினேன். இது உருவாக்கிய படம் என்று கீழே ஒரு வரி போடச் சொன்னாள் தோழி. பிறகு போடுவோம் என்றேன். போடவில்லை.

இரண்டு நாள் பலரும் கட்டுரையைப் பகிர்ந்தார்கள். அடுத்த நாள் யாரோ படத்திலிருந்த பெண்ணின் கையில் ஆறு விரல் இருப்பதைக் கண்டு வட்டமிட்டுப் போட்டார். அதோடு எல்லாம் மாறியது. படமும் பொய், கதையும் பொய், அப்படியொரு தாயே இல்லை என்று எழுதினார்கள். அக்காவின் மகள் அவற்றை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

பஸ் பிடித்துப் போனேன். அவர் ஏசவில்லை. கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார்.

"அழுதேன்னு உங்ககிட்ட சொன்னேனா தங்கச்சி?"

"இல்லை அக்கா."

"அழ நேரமே இல்ல. அம்மா தலைய தூக்கிப் பிடிச்சிக்கிட்டே நின்னேன். இப்ப எனக்கு அம்மாவே இல்லேங்கிறாங்க."

பிழை என்னுடையது என்றேன்.

அன்றே படத்தை நீக்கி, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதை வாசித்தவர்கள் கொஞ்சப் பேர்தான். நீக்கிய படம் எங்கெங்கோ இன்னும் சுற்றுகிறது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவர் என்னையும் கூப்பிட்டிருந்தார். தாயின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஒடுங்கிய முகம், ஒரு காதில் மட்டும் தோடு. பக்கத்தில் நின்ற அக்கா, வேண்டுமென்றால் இதை எடுத்துப் போடுங்கள் என்றார்.

கைபேசியை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. பூவை வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.