வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு பூட்டு

செஞ்சியில் எங்கள் தெருவிலேயே வீட்டில் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பது நாங்கள்தான். பவிசுக்கு இல்லை. டிராக்டரிலிருந்து விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தினமும் சுடுதண்ணீரில் உட்கார்ந்தால் நல்லது என்றார் டாக்டர். என் கொழுந்தன் வேன் ஓட்டுகிறவர். பெங்களூரில் ஏதோ ஓட்டலில் கழித்துக் கட்டிய தொட்டியை மலிவாகப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஹீட்டர், மோட்டார், மேலே மெத்தை மாதிரி இரண்டாக மடிகிற மூடி. பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு வைத்தோம். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் கோல் இல்லாமல் தெருமுனை வரைக்கும் போய்வந்தார்.

எனக்கு அந்தச் சந்தோஷம் முழுசாக இல்லை. கொழுந்தன் வீடும் எங்கள் வீடும் பக்கத்துப் பக்கத்தில். பின்பக்கம் ஒன்றுதான், நடுவில் கதவு கிடையாது. அவர் பையனுக்கு இரண்டு வயது முடியவில்லை. தண்ணீரைக் கண்டால் விடமாட்டான், நாய்க்கு வைத்த சட்டியிலும் இறங்கி நிற்பான். தொட்டித் தண்ணீர் அவன் தலைக்கு மேல். எனக்குப் பிள்ளை இல்லை. விடிந்ததும் அவன் வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தால்தான் எனக்குப் பொழுதே ஓடும்.

அதனால் முதல் நாளே பிடிவாதமாக நின்றேன். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் போட்டால்தான் ஹீட்டரைத் தொடவிடுவேன் என்றேன். மூடிக்கு நாலு பக்கமும் பட்டை, பட்டைக்குக் கொக்கி, கொக்கிக்குப் பூட்டு. எல்லாப் பூட்டுக்கும் பொதுவாக இரண்டு சாவி. ஒன்று என் தாலிக்கயிற்று ஊக்கில். இன்னொன்று ஆத்திர அவசரத்துக்கு என்று வீட்டுக்காரரிடம்.

என் ஓரகத்திக்கு, அதாவது பையனின் அம்மாவுக்கு, இது பெரிய வேடிக்கை. "இன்னாக்கா, நகைக்கடையா வெச்சிருக்க, இத்தினி பூட்டு போட்டுக்கினு?" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் பையனைப் பின்பக்கம் தனியாக விடாதே என்று நான் ஓயாமல் சொன்னது அவளுக்கு எரிச்சலாகிவிட்டது போல. ஒருநாள் துணி பிழிந்துகொண்டே, "பெத்தவ எனக்குத் தெரியாதா, புள்ளய எப்டி பாத்துக்கறதுன்னு?" என்றாள். சுருக்கென்று தைத்தது. பூட்டை மட்டும் கழற்றவில்லை.

வல்லத்துப் பக்கம் இருக்கிற எங்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஈர மல்லாட்டை வீடெல்லாம் குவிந்து கிடந்தது. விட்டால் முளை விட்டுவிடும், பூசணம் பூத்துவிடும். எல்லாருக்கும் அதே கவலை. நான் தார்ப்பாய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன்.

திரும்பி வந்து பின்பக்கம் பார்த்தால், தொட்டி மூடிமேல் மல்லாட்டை பரப்பிக் கிடக்கிறது. மேலே கூரை, கீழே சூடு. இதைவிட நல்ல களம் உண்டா என்று ஓரகத்திக்குத் தோன்றியிருக்கிறது. அதோடு விட்டாளா, சூடு நன்றாக மேலே வரட்டும் என்று மூடியின் ஒரு பாதிக்கு இருந்த பூட்டுகளைத் திறந்து, அதற்கு அடியில் ஒரு கட்டையையும் செருகிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். கவிழ்த்த பக்கெட்டில் ஏறி, ஒரு முட்டியை மூடிமேல் வைத்து, பையன் மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். பாரம் தாங்காமல் அந்தப் பாதி உள்ளே சரிந்துகொண்டிருந்தது.

தார்ப்பாயை எங்கே போட்டேனோ தெரியாது. அவன் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். மூடியின் அந்தப் பாதி மல்லாட்டையோடு தண்ணீருக்குள் சரிந்தது. அவன் மல்லாட்டை போயிற்றே என்று அழுதான். அவனை இறுக்கிக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு சாவி குடுத்தது?" என்று கேட்டேன்.

"மல்லாட்டைக்குத்தானேன்னு குடுத்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

அப்போதே தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீரெல்லாம் வாழைப் பாத்திக்குப் போனது. "சுத்திச் செவுரு வராம இதுல ஒரு சொட்டு ரொப்பமாட்டேன். உங்க இடுப்பு வலிச்சாலும் சரி" என்றேன். வலிக்கத்தான் செய்தது. மறுபடியும் கோலை எடுத்தார். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நான் மசியவில்லை. செங்கல்லுக்கு அலைந்தேன், மழை விடக் காத்திருந்தேன், வேலையை இழுத்தடித்த கொத்தனாரை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தேன். ஓரகத்தி என் முகத்தைப் பார்க்காமலே சிமெண்டுக்குத் தண்ணீர் சுமந்தாள்.

சுவர் எழும்பி இரும்புக்கதவு வைக்கிற அன்று, தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது என்று கொத்தனார் கேட்டார். நான் என் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினேன். ஓரகத்தி என் தோள் உயரம்தான். கொத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவங்களுக்கு எட்டாதேம்மா" என்றார்.

பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்: "எனக்கு எட்ட வேணாம். இவனுக்கு ரெண்டு அம்மா. அக்காவுக்கு எட்டுனா போதும்."