வெல்லம் பிடித்த பொத்தான்கள்

அப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். அவருக்கு எழுத வராது, அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் லீவில் ஊருக்கு வந்த ஒரு ஆளிடம் டேப் ரிக்கார்டரையும், தான் பேசிப் பதிந்த கேசட்டையும் கொடுத்து அனுப்பினார். கைப்பிடி வைத்த சின்ன டேப். பேட்டரியில் ஓடும்.

வந்த அன்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கிணற்றைத் தூர் வாரச் சொன்னார். கன்றுக்குட்டியை விசாரித்தார். என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னார். "அவ்ளோதான், எல்லாரும் ஒடம்ப பாத்துக்கோங்க" என்று முடித்தார். எழுந்து போய்விட்டோம். டேப்பை நிறுத்த அம்மா மட்டும் இருந்தாள்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். கரும்பு வெட்டும் காலத்தில் அம்மாவுக்கு வெல்லக் கொட்டகையில் உருண்டை பிடிக்கும் வேலை. டேப்பையும் கூடவே கொண்டுபோவாள். வீட்டில் வைத்தால் நான் நோண்டுவேனாம்.

ஒருநாள் பொத்தான் இறங்கவில்லை. வெல்லம் பிடித்த எதற்கும் எங்கள் பக்கம் வெந்நீர்தான். வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையைக் கழுவுகிற மாதிரி வெந்நீரில் துணியை நனைத்து டேப்பையும் துடைத்தாள் அம்மா. தண்ணீர் உள்ளே போய், கொஞ்சம் அசைந்துகொண்டிருந்த பொத்தானும் நின்றுபோனது. கேசட்டும் வெளியே வரவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்து பார்த்தாள்.

"அண்ணி, இந்தச் செவப்பு பொத்தான் நல்லாதான் கீது. இத அமுக்கிப் பாக்கட்டா?"

அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "அய்யய்யோ, அது பதியற பொத்தான். அமுக்கினா உங்கண்ணன் பேசினதெல்லாம் அழிஞ்சிபூடும்."

"இன்னா பெரிசா பேசிட்டாரு? கெணறு, கன்னுக்குட்டி."

அம்மா டேப்பை வாங்கி முந்தானையால் மூடினாள். அன்றைக்குச் சோறும் தின்னவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியோ கடை. கடைக்காரர் டேப்பைத் திறந்தார். எறும்பு வரிசையாக வெளியே வந்தது.

"இன்னாம்மா, உள்ள சக்கர மில்லு வச்சிக்கினு கீறியா?"

அம்மா சிரிக்கவில்லை. "கேசட்டு நல்லா இருக்குதுங்களா?"

"இரும்மா, பாக்கலாம்."

கேசட்டை மெதுவாக நெம்பி எடுத்தார். நாடா அறுந்திருக்கவில்லை. அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பொத்தான்களைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். ஒரு ஸ்பிரிங்கை மாற்றினார்.

"மத்ததெல்லாம் புதுசாட்டம் கீது. பாடற பொத்தானும் பின்னாடி சுத்தற பொத்தானுந்தான் தேஞ்சி கீது. ஒரே எடத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டியாம்மா?"

அம்மா ரோட்டைப் பார்த்தாள்.

"கேசட்டப் போட்டுப் பாக்கறேன்."

"வேணாங்க."

"போடாம எப்பிடிம்மா தெரியும்?"

அமுக்கினார். கரகரவென்று சத்தம். பிறகு அப்பாவின் குரல், தணிவாக:

"இந்தா... எல்லாரும் எழுந்து போய்ட்டாங்களா?"

அம்மா பாய்ந்து நிறுத்தினாள். "போதுங்க. நல்லா வேல செய்யுது."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரு முடுக்கினார். அவர் தோள் குலுங்கியது.

பஸ்ஸில் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. எனக்கு ஒரு கடலை மிட்டாய் கிடைத்தது.

"ஏம்மா, அந்த ரெண்டு பொத்தான் மட்டும் எப்பிடிம்மா தேஞ்சிது?"

"எறும்புக்கு அந்த எடந்தான் புடிச்சிருந்திருக்கும்."

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் எழுந்து போய்விட்டோமா என்று அப்பா ஏன் கேட்டார் என்பதுதான் விளங்கவில்லை.

மறுநாள் கொட்டகையில் அம்மா கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். முந்தானையில் ஈரம் போகத் துடைத்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு கரும்புச் சக்கைப் போருக்குப் பின்னால் போனாள்.

எறும்பு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறாள் என்று அத்தையிடம் சொன்னேன்.